முப்பத்தெட்டுப் பாகையும் முப்பத்தாறு முட்டையும்

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 10.40. வாடைக்காற்றோடு தூறல். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் 24 பாகை செல்சியஸ். அந்த நிமிடம் பார்த்துத்தான் கரண்ட் போனது.

இங்கே போகாத கரண்டா என்பீர்கள். சொல்கிறேன்.

கலர் பிலிம் ரோலை வீட்டிலேயே கழுவும் பைத்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. படச்சுருளைக் கறுப்பு டப்பாவுக்குள் பூட்டி, டெவலப்பர் என்ற மருந்தை ஊற்றி மூன்றேகால் நிமிடம் ஆட்ட வேண்டும். மருந்து 38 பாகையில் நிற்க வேண்டும் — கணக்காகச் சொன்னால் 37.8. கூடினாலும் குறைந்தாலும் நிறம் கெட்டுவிடும். சூடாக்குவது சுலபம். அதே சூட்டில் வைத்திருப்பதுதான் பாடு. கலியாணம் முடித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சுடுநீர்ச் சட்டிக்குள் மருந்துப் போத்தலை வைத்துப் பார்த்தேன். ரோல் பச்சையாக வந்தது. ரைஸ் குக்கருக்குள் வைத்தேன். அடுத்தது ஊதா. இரண்டிலும் இருந்தது என் மனைவி. 41 வருடமாகக் கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர், எழுபது வயதானதும் ஏனோ சம்மதித்திருந்தார். மூன்றாவது ரோலுக்கு நின்றபோது தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இதுதான் கடைசி. இதையும் பழுதாக்கினீங்களெண்டா, நான் செத்தாப்பிறகு மாலை போட அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பிக்கோணும்."

அந்த அட்டைப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது — மனைவியின் குஞ்சு பொரிக்கும் கரண்ட் பெட்டி. முன்பக்கத்தில் சிவப்பு இலக்கம்: 37.8. இரவும் பகலும் 37.8. நான் ஊரெல்லாம் தேடிய சூட்டை, என் வீட்டிலேயே 36 முட்டைகள் அனுபவித்துக்கொண்டிருந்தன. உடனே மருந்துப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"முட்டைக்குப் பக்கத்திலையோ மருந்தை வைக்கப்போறியள்?"

"மூடி இறுக்கமப்பா. மணக்காது."

"நாளைக்குக் குஞ்சு கலர்கலராப் பொரிச்சா நீங்கள்தான் பொறுப்பு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு போத்தல்களைப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றில் டெவலப்பர், மற்றதில் அதற்குப் பிறகு ஊற்றும் மருந்து. 10.40க்கு எல்லாம் தயார். சுருள் டப்பாவுக்குள். மருந்து கச்சிதமான சூட்டில். பெட்டியைத் திறக்கக் கை நீட்டுகிறேன்... சிவப்பு இலக்கம் அணைந்தது.

மனைவி ஓடிவந்து பெட்டியைப் போர்வையால் மூடினார். என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"தொடாதேங்கோ. அந்த ரெண்டு போத்திலும்தான் இப்ப முட்டைக்குச் சூடு குடுத்து அடைகிடக்குது."

"இப்ப சரியான சூடப்பா. பிந்தினா இறங்கிடும்."

"இறங்கட்டும். இருபது நாள் முட்டை. உள்ளுக்கை கீச்சிடுது, கேக்கேல்லையோ?"

பெட்டியில் காதை வைத்தேன். கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லியதாக. கறுப்பு டப்பாவை மேசையில் வைத்தேன்.

"சரி. போகட்டும் விடும்."

மனைவி என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"மூண்டேகால் நிமிசம். பிறகு மருந்தைத் திருப்பிப் போத்திலுக்கை ஊத்தலாம்."

"அப்ப ஒண்டை மட்டும் எடுங்கோ. சூட்டோட திருப்பித் தரோணும்."

எடுத்தேன். ஊற்றினேன். டப்பாவைத் துவாயால் சுற்றி ஆட்டினேன். மனைவி ஒரு கையால் போர்வையை அமர்த்திக்கொண்டு சத்தமாக எண்ணினார் — என் மணிக்கூட்டைவிட வேகமாக. முட்டைக்காரி அல்லவா? 195 செக்கன் முடிந்ததும் போத்தல் பெட்டிக்குள் போனது, மற்றது வெளியே வந்தது. அதையும் ஊற்றி ஆட்டி, அப்படியே சூட்டோடு திருப்பிக் கொடுத்தேன். கரண்ட் வர 12.05 ஆனது.

ஈரச் சுருளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பச்சையில்லை, ஊதாவில்லை. முப்பத்தாறு படமும் தெளிவு. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"இதென்ன, தலை முழுக்கக் கறுத்துக் கிடக்கு?"

"இது நெகட்டிவ். வெள்ளையெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

"அப்ப இப்பிடியே பெருப்பிக்கலாமே."

அடுத்த நாள் 31 குஞ்சுகள் பொரித்தன. எல்லாம் மஞ்சள். மிச்சம் ஐந்தும் கூழ்முட்டை. கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் அவை கூழ்தான் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒன்று எண்பது ரூபாய்ப்படி, மனைவிக்கு நானூறு ரூபாய் கட்டினேன்.