கயிற்றுக்கடைக்காரர் கேட்ட கேள்வி

மகள் படித்த யுனிவர்சிட்டியில் சோஷியாலஜி டிபார்ட்மென்டுக்குத் தனியாக ஒரு வெப் பேஜ் இருக்கிறது. இந்த வருடச் சாதனைகள் என்று போட்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு வெளிநாட்டு ஸ்காலர்ஷிப். ஒரு பெண்ணுக்கு கோல்டு மெடல். ஒரு சாருடைய புத்தகத்துக்குப் பரிசு. நடுவில் என் மகள் கலைச்செல்வி. பேர், ஆராய்ச்சித் தலைப்பு, முனைவர் பட்டம். ஒரே வரி.

திங்கட்கிழமை அதை போனில் அனுப்பினாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

அந்த ஒரு வரி வருவதற்குப் பட்ட பாடு அதில் இல்லை. அதைச் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். செஞ்சி கடைத்தெருவில் லோடு வண்டி ஓட்டுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். மகள் எங்கள் கடைத்தெருவைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தாள். ஒரு கடை யார் கைக்குப் போகிறது? யார் கைக்குப் போகவில்லை? ஏன்? இதுதான் விஷயம்.

கடை கடையாக ஏறினாள். லோடு வண்டிக்காரன் மகள் என்று ஸ்டூல் போட்டார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள். உங்கள் பேரைப் போட மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்திருந்தாள். கயிற்றுக்கடையில் மட்டும் ஸ்டூல் கிடைக்கவில்லை. "யாவார நேரத்துல இன்னாம்மா கதை…" என்று அனுப்பிவிட்டார்.

எழுதி முடித்ததும், தமிழில் சின்னதாகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தாள். பேசியவர்களுக்கு நன்றியாகக் கடைக்கு ஒன்று கொடுத்தாள்.

அங்கேதான் வினை.

அதில் ஒரு வியாபாரி சொல்கிறார் — அண்ணன் செத்ததும் அண்ணியைக் கடைப்படி ஏறவிடவில்லை. விட்டால் பாதிக் கடை போய்விடும் என்று பயம். இப்போது அவர் எதிரில் வந்தால் தலை குனிந்துகொள்கிறேன். வியாபாரியின் பேர் தட்சிணாமூர்த்தி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'பெயர் மாற்றப்பட்டுள்ளது.'

அந்தப் பேரில் கடைத்தெருவில் யாரும் இல்லை என்று நினைத்து வைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எங்கள் தெருவில் ஆளுக்கு ஏது பேர்? நெய்க்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர், உரக்கடைக்காரர்… கடைதான் பேர். கயிற்றுக்கடைக்காரரின் சரக்கெல்லாம் என் வண்டியில்தான் வருகிறது. எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பேர் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா?

தட்சிணாமூர்த்தி.

போதாததற்கு, அவருக்கும் ஓர் அண்ணன் இருந்தார். இறந்துவிட்டார். அண்ணி பக்கத்து ஊர் அனந்தபுரத்தில், பிறந்த வீட்டோடு இருக்கிறார்.

பக்கத்துக் கடையில் வாங்கிய ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கடைக்காரர் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னாடா இது? பெயர் மாற்றப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்குது. எங்க மாத்திருக்குது? அப்படியே இருக்குதே!"

"அண்ணே, அது நீங்க இல்லண்ணே…"

"நான் இல்லன்னு எனக்குத் தெரியுது. தெருவுக்குத் தெரியுதா? டீக்கடையில கேக்கறான், 'இன்னா கயிறு, அண்ணிய ஏறவே உடலியாமே'ன்னு. அனந்தபுரத்துலேந்து அண்ணி போன் பண்ணிட்டாங்க. 'இப்பவாச்சும் ஒத்துக்கினியே'ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. நான் இன்னாத்தடா ஒத்துக்கினேன்?"

ஜெராக்ஸை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"அந்த ஆளு யாருன்னு உம் பொண்ணச் சொல்லச் சொல்லு. இல்லன்னா அவ பரீட்சைக்கு நானே வரேன். யார் வேணா வரலாமாமே?"

வரலாம். கடைசிப் பரீட்சைக்கு வைவா என்று பேர். கதவைத் திறந்து வைத்து நடத்துகிறார்கள். யாரும் உட்காரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். யாராவது ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் முடிவு நின்றுபோகும் என்று மகளின் கைடு மேடம் போனில் சொன்னார். நிறுத்தினால் எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாதாம்.

அன்றைக்கு மகள் வீட்டில் இருந்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. அவர் காதோட போட்டுட்டு வந்துடறேன்."

"கேக்காத நைனா."

"பட்டம் நின்னுடும் போலருக்குது."

"தெரியுது. நீயும் கேக்காத."

கயிற்றுக்கடை போய் அவளே மன்னிப்புக் கேட்டாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். யார்? திரும்பி வந்துவிட்டாள்.

வைவா அன்று விடியற்காலை பஸ் ஏறினேன். முன் சீட்டில் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மடித்த ஜெராக்ஸ். கயிற்றுக்கடைக்காரர். திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

டிபார்ட்மென்டில் நுழைந்ததும் சுவரில் ஒரு போர்டு. சாதனை செய்த பிள்ளைகள், வாத்தியார்கள் போட்டோ. ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே வேலை செய்யும் ஒருவர், "சாயங்காலம் உங்க பொண்ணு போட்டோ வந்துரும் சார்" என்றார். எனக்குப் பக்கத்தில் நின்று அந்தக் காலி இடத்தைக் கயிற்றுக்கடைக்காரரும் பார்த்தார்.

மகள் பேசினாள். பாதி புரிந்தது. மேடம் பேசினார். வெளியூரிலிருந்து வந்த பெரிய வாத்தியார் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர் சபையைப் பார்த்தார். "வேறு யாராவது கேட்கிறீர்களா?"

வெள்ளைச் சட்டை எழுந்தது.

"எம் பேரு தட்சிணாமூர்த்தி. செஞ்சி கடைத்தெரு. கயித்துக்கடை."

மேடம் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல இருக்கறது நானா?"

"இல்ல பெரியப்பா. அவருக்கு வச்ச பேரு உங்களுதாப் போச்சு. விசாரிக்காம வச்சது என் தப்பு."

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன்."

மேடம் குறுக்கே வந்தார். "ஐயா, ஆராய்ச்சியில அதைச் சொல்லக் கூடாதுங்க…"

"உங்களக் கேக்கலிங்க மேடம். எங்க ஊரு பொண்ணக் கேக்கறேன்." பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தார். அதோடு வெள்ளைத் தாள் ஒன்றும் வந்தது. "ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம்னாங்க. ஒரே ஒரு பேரு சொல்லு. கிழிச்சிப் போட்டுட்டுப் போய்னே இருக்கேன்."

பெரிய வாத்தியார் மகளைப் பார்த்தார். "நீயே பதில் சொல்லும்மா."

மகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரை மாத்திடறேன் பெரியப்பா. ஒவ்வொரு கடையா ஏறி, இது நீங்க இல்லன்னு நானே சொல்றேன். அனந்தபுரம் போயி பெரியம்மா கிட்டயும் சொல்றேன். யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"பட்டம் நின்னாலும் சொல்ல மாட்ட?"

"நின்னாலும்."

என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லேன்டா."

"எனக்கும் சொல்லலண்ணே."

அது நிஜம் என்று அவருக்குத் தெரிந்தது. என் வண்டியில் ஏற்றாத சரக்கை ஏற்றினேன் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். தாள் அவர் கையில். அவர் அந்தத் தாளை மறுபடி மடித்தார். நிதானமாக, நாலாக. பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேற ஒண்ணும் இல்லிங்க."

அந்தப் பேரை மாற்றிவிட்டுப் பட்டம் கொடுக்கலாம் என்று பெரிய வாத்தியார் அறிவித்தார். கை தட்டினார்கள். நான் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

ஆராய்ச்சி என்றால் போய்ப் போய்க் கேட்பது என்று நினைத்திருந்தேன். கேட்டதை வெளியில் விடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டமான பாதி போலிருக்கிறது. அதற்கு வெப் பேஜில் இடம் கிடையாது.

மகள் சொன்னபடி செய்தாள். அது பிறகு. இதை எழுதட்டுமா என்று கயிற்றுக்கடைக்காரரையும் கேட்டேன். "எழுது. அது நான் இல்லன்னு பெருசாப் போடு" என்றார். அது அவர் இல்லை. போட்டுவிட்டேன்.

வைவா முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிக்கெட் எடுக்க மட்டும் வாயைத் திறந்தார்… இரண்டு செஞ்சி. தடுத்தும் கேட்கவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் சொன்னார்.

"கல்லு மாதிரி நின்னாளேடா."

"ஆமாண்ணே."

"பெத்தவனுக்கே சொல்லல?"

"சொல்லலண்ணே."

வெளியே பார்க்க ஆரம்பித்தார். வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகள் ஓடிக்கொண்டிருந்தன. செஞ்சிக் கோட்டை மலை தெரிந்த பிறகுதான் அடுத்த வார்த்தை வந்தது.

"அடுத்த தபா உம் பொண்ணு வந்தா என் கடைக்கும் வரச் சொல்லு. ஸ்டூல் போடறேன். எனக்கும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சரிண்ணே."

பஸ் நின்றது. படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"பேர மட்டும் நல்லா விசாரிச்சு மாத்தச் சொல்லு."