புளிரசம்

எங்கள் வீட்டு அடுக்களைச் சன்னலைத் திறந்தால் காவு. கரமனை ஆற்றங்கரையில் நாகருக்கென்று விட்ட சின்னக் காடு. யாரும் கொப்பு வெட்ட மாட்டார்கள், சருகு கூட்ட மாட்டார்கள். கட்டி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் சோறு பொங்கியிருக்கிறேன். மத்தியானம் வேலை ஒழிந்து சன்னல் கம்பியைப் பிடித்து நின்றால், இலைகளுக்குள் வெயில் மெல்ல இடம் மாறுவது தெரியும். எவ்வளவு நேரம் நின்றேன் என்பது தெரியாது. மனிதரிடம் பேச எனக்குக் கூச்சம். சுவரை ஒட்டி நின்ற மகிழமரத்தோடு மட்டும் பேச்சு உண்டு.

அந்த மரம் மெலியத் தொடங்கியது. உச்சி இலை பழுத்து, கொப்புகள் மொட்டையாகி, வானம் கூடுதலாகத் தெரிந்தது. பூ உதிர்வதும் நின்றது. மற்ற மரங்களும் அப்படியே.

காவுக் கமிட்டிக்காரர்கள் மண் பரிசோதிக்கிற ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் மலையாளத்தில் சொன்னது சன்னல் வழியாக வந்தது.

"இவிடத்தெ மண்ணில் புளிரசம் கூடுதலாணு. அதாணு மரம் உணங்குந்நது."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. புளிரசத்தால் மரம் காய்கிறதாம். ஊற்றியது நான்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை இரண்டு வேளையும் ரசம் வேண்டும், டம்ளரிலும் வாங்கிக் குடிப்பார். அவர் போன பிறகும் என் கை பழைய அளவிலேயே புளியைக் கரைத்தது. மிச்சத்தைக் கண்டால் மருமகள் என்ன நினைப்பாளோ என்று, யாரும் பார்க்காமல் சுவருக்கு மேலே சாய்த்து மகிழமரத்து மூட்டில், வேரடியிலேயே ஊற்றிவிடுவேன். வருஷக்கணக்கில் ஊற்றினேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் நான். சந்தை மலையாளம் தெரியும், ஆபீஸ் மலையாளம் தெரியாது. புளிரசம் என்றால் எனக்கு ஒன்றுதான்.

"அத்தே, ரசம் பொங்கி அடுப்பில ஊத்துது. எங்க பாத்துட்டு நிக்கிய?" என்றாள் மருமகள்.

அன்றைய மிச்சத்தை நானே குடித்தேன். மறுநாளும் குடித்தேன். நெஞ்சு எரிந்தது. மரத்துக்கும் இப்படித்தானே எரிந்திருக்கும். மத்தியானம் கண் அயர்ந்தால், மகிழமரத்து வேரெல்லாம் புளி நாராகி என் விரல்களைச் சுற்றிக்கொண்டு வரும்.

கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் சாக்குச் சாக்காகச் சுண்ணாம்புப் பொடி வந்திறங்கியது. தூவுவதற்குத் தெருவில் ஆள் கேட்டார்கள்.

"உங்களுக்கு என்னத்துக்கு அத்தே இது?" என்று கேட்டுக்கொண்டே மருமகளும் என் பின்னால் வந்தாள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டோம்.

மூட்டில் கொட்டக் கூடாது, கொப்பு நிழல் விழுகிற வட்டம் முழுக்கக் கோலப்பொடி மாதிரி தூவணும் என்று அந்த ஆபீஸ் பெண் செய்து காட்டினாள். எங்களுக்கா கோலப்பொடி தூவத் தெரியாது? சருகின்மேல் வெள்ளை படியப் படிய, உச்சிவெயிலில் நிலா காய்வது போலிருந்தது காவு. யாரும் உரக்கப் பேசவில்லை. அந்த வெள்ளைக்குள் நடக்கும்போது உடம்பில் கனமே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆபீஸ் பெண்ணிடம் போனேன்.

"மோளே, ரசம் ஊத்துனது நான்தான்."

"எந்து ரசம்?"

"புளிரசம். இந்தச் சுவருக்கு மேல. ரொம்ப வருஷமா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துச் சிரித்துச் சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "அம்மே, மண்ணுக்க புளிப்பைத்தான் நாங்க புளிரசம்னு பறயுது. அம்மா வைக்கற ரசம் அல்ல! மழை பெய்ஞ்சு பெய்ஞ்சு மண்ணில உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஆத்தில ஒலிச்சுப் போச்சு. ரசம் ஊத்தி இந்தக் காவு புளிக்கணும்னா, அம்மா கரமனை ஆறு நிறைய ரசம் வைக்கணும்."

"அப்போ மரத்தை நான் கொல்லலியா?"

"இல்லம்மே. பின்னே, அதில உப்பு உண்டுல்லா? இனி ஊத்தண்டா, கேட்டோ."

பின்னாலிருந்து மருமகள் குரல். "மிச்ச ரசம் எங்க போகுதுன்னு தெரியாம, நான் இத்தனை நாளும் பூனையைல்லா வெரட்டிட்டு இருந்தேன்!"

"பூனை ரசம் குடிக்குமாட்டி?" என்றேன். அவ்வளவு பேர் நடுவில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மரம் எப்போது தேறும் என்று ஆபீஸ் பெண்ணிடம் கேட்டதற்கு, மெதுவாகத்தான், சில மழைக்காலம் போகணும் என்றாள். அவள் சொன்னதை நம்பினேன். ஆனாலும் மரம் சொல்லட்டும் என்று மனசு காத்திருந்தது.

வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை மூன்று முறை வந்து போனது. உச்சியில் தளிர் கண்டது. போன மாதம் காலையில் துவைக்கிற கல்லின்மேல் ஏழெட்டு மகிழம்பூ கிடந்தது. பொறுக்கி, உள்ளங்கையில் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே வந்து மகன், மருமகள், நான் என்று மூன்று பேருக்கு அளவாகப் புளி எடுத்தேன். கரைத்த பிறகும் கையில் பூ மணந்தது.