மஞ்சளுக்கு மஞ்சள்

வீட்டு டிவிடி பிளேயரை மாட்டுவதற்குப் படிப்பு வேண்டாம். மஞ்சள் முனையை மஞ்சள் ஓட்டையில் சொருகு, சிவப்பைச் சிவப்பில், வெள்ளையை வெள்ளையில். தொழில்முறை பிளேயர் அப்படியல்ல. பின்பக்கம் எல்லாமே வெள்ளி நிறத்தில், திருகி மாட்டும் முனைகள். எது எதற்கு என்பது கடுகு அளவு எழுத்தில் இருக்கும். கல்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பயிற்சிக் கூடத்தில் பதினோரு வருஷமாக அவற்றைக் கையால் தடவியே மாட்டிப் பழகியவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

கூடம் பென்டிரைவுக்கு மாறியபோது பழைய பிளேயர்களைக் கழித்து ஏலம் விட்டார்கள். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். என் கல்யாண டிவிடி உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்தது. வீட்டு பிளேயர் அதை உள்ளே வாங்கி வாங்கித் துப்பியது. படம் எடுத்தவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார், வேறு பிரதியும் இல்லை. ஏலத்தில் எடுத்ததோ எந்தக் கறைக்கும் முணுமுணுக்காமல் ஓட்டியது.

அந்தக் கல்யாணத்தை நைனா பார்க்கவில்லை. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மறைமலைநகரில் ஒரு கார் பாகக் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை கிறிஸ்தவப் பையன் என்பதில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. சர்ச்சில் பெண்ணுக்கு வெள்ளைப் புடவை கட்டுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். “புருசன பக்கத்துல வச்சிகினு எம் பொண்ணு வெள்ள கட்டிகினு நிக்கிறத நான் பாக்க மாட்டேன்” என்றார். என் மாமியாரே மஞ்சள் பட்டு எடுத்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “வராட்டி போ” என்றேன். வீம்பில் நான் நைனாவையே மிஞ்சியவள்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மா மட்டும் வந்தாள். வீட்டுக்குப் போய் மஞ்சள்தான் என்று சத்தியம் செய்தாள். “நீ உம் பொண்ண வுட்டுக் குடுப்பியா?” என்றார். போட்டோவைக் காட்டினாள். “எதுக்கு வேணா எந்தக் கலரு வேணா அடிக்கலாம், நான் அடிச்சவன்” என்றார். இப்படியே ஆறு வருஷம் போனது. பிறகு ஒரு நாள் அம்மா போன் செய்தாள்: “ஞாயித்துக்கெழம வரோம். கல்யாணப் படம் பாக்கணும்னு அவரே சொல்றாரு. இந்தவாட்டி வுட்டா அவ்ளோதான்.”

ஞாயிறு காலை, அவர்கள் தங்கள் ஊரான கருங்குழியில் பஸ் ஏறிய பிறகுதான் பிளேயரை மறுபடி தொலைக்காட்சியோடு இணைத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு மெனு வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். பழக்கதோஷத்தில் முன்பக்கப் பட்டன்களைப் பூட்டியும் வைத்தேன். பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்கள் கண்டதை அமுக்காமல் இருக்கச் செய்வது அது.

நைனா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவருக்கு அன்று ஷிப்ட். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். படத்தை ஓடவிட்டு, ரிமோட்டும் கையுமாக டீ போடப் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் பக்கத்தில் நிற்கப் பயமாக இருந்தது.

பாட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நைனாவின் குரல்.

“வெள்ளதான் கீது. நான் அப்பவே சொல்லல?”

“இல்லய்யா, மஞ்சதான். என் கண்ணால பாத்தேன்.”

“அப்ப என் கண்ணு இன்னா பொய்யா சொல்து? சனியன், நிறுத்தவும் மாட்டேங்குது!”

நான் ஓடி வந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டிய பட்டனைக் குத்திக்கொண்டிருந்தார். திரையில் பாதிரியார், தூண், பூமாலை, நான், எல்லாமே கறுப்பு வெள்ளை. அந்த மஞ்சள் பட்டு வெள்ளைவெளேர் என்று இருந்தது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் வருகிற முனையில் கேபிளை மாட்டியிருக்கிறேன். நிறங்கள் தனியாக வேறு இரண்டு முனைகளில் போகும். மூன்றும் சேர்ந்து வருவது அடுத்த முனை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்க வேறு நாளா கிடைக்கவில்லை?

“நைனா, போகாத. எம் மேலதான் தப்பு.”

கேபிளைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் ஆறு வருஷமாக என் வாயில் வராத வார்த்தை அது. வாசற்படி வரை போயிருந்தவர் நின்றுவிட்டார்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் படுத்தேன். அந்தப் பக்கம் மஞ்சளில் மஞ்சள் ஒழுங்காகத்தான் இருந்தது. பிளேயர் பக்கம் திருகிக் கழற்றி, எழுத்தைப் படித்துப் பார்த்து, அடுத்த முனையில் மாட்டினேன். “அப்பாடா, கலரு வந்துச்சி!” என்றாள் அம்மா.

தூசியோடு எழுந்தேன். நைனா திரைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். பெயிண்ட் அடித்த கதவைச் சோதிக்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“மஞ்ச இல்ல,” என்றார். என் கை மறுபடி கேபிளுக்குப் போனது. “மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு.” பையைக் கீழே வைத்தார். “மொதல்லேந்து போடு.”

பூட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். சர்ச் வாசல் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு தாய்மாமா உள்ளே வருகிறார்.

“அவன் எதுக்குக் கையப் புடிச்சிகினு வரான்?”

“பொண்ணோட அப்பாதான் கூட்டிகினு வரணும் நைனா. அவங்க வழக்கம் அது.”

அவர் திரைக்கு இன்னும் கிட்டே போனார். திரையில் மாமா வேகமாக நடக்க, புடவை தடுக்கி நான் ஒரு கணம் தடுமாறுகிறேன். அதை நானே மறந்திருந்தேன். நைனா கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

“இன்னா அவசரம் அவனுக்கு?” என்றார். “நானா இருந்தா மெதுவா கூட்டிகினு வந்திருப்பேன்.”