தட்டினா திருப்பணும்

எங்க அண்ணிக்குப் பொறாமை வந்தா தையல் மிஷின் சத்தம் நின்னுடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஆனா பட்டறை பூரா அந்த அமைதி காதை அடைக்கும். நான் அவளுக்கு நாத்தனார். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, அதனால எங்களுக்குள்ள வா, போன்னுதான் பேச்சு. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாம நான் திரும்பி வந்ததுல இருந்து ஒரே வீடு, ஒரே பட்டறை. அவ மனசுல என்ன ஓடுதுன்னு அவ புருஷனுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்.

பட்டறைன்னா படகுப் பட்டறை. ஏரிக்கரையில தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அண்ணன் இன்ஜின் வேலை பார்ப்பான். அண்ணி படகு சீட்டுக்கு உறை தைப்பா, மேல போர்த்துற படுதா தைப்பா. நட்டு, போல்ட்டு, கேபிள், கிரீஸ் டப்பா இருக்கிற அலமாரிக்கு நான் காவல். யாருக்கு என்ன வேணும்னாலும் என்கிட்டதான் வந்து நிக்கணும். அந்த அளவுக்கு எனக்கும் ஒரு கௌரவம் உண்டு.

இன்ஜினைப் பத்தி அண்ணிக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஸ்பேனர் எடுத்துக் குடுன்னா திருப்புளியை நீட்டுவா. ஆனா எந்தப் படகுக்கு ஸ்டியரிங் வேலை வந்தாலும் அவதான் ஏறி உட்காரணும். ஸ்டியரிங்ல ஆட்டம் இருந்தா அது எங்க இருந்து வருதுன்னு ஒத்த ஆளால கண்டுபிடிக்க முடியாது. ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பணும். இன்னொருத்தர் பின்னாடி இன்ஜின் அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு இணைப்புலயும் விரலை வச்சுப் பார்க்கணும். இணைப்போட ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் சும்மா கிடந்தா, திருடன் அங்கதான் ஒளிஞ்சிருக்கான்.

இன்ஜின் சத்தத்துலயே கிடந்து அண்ணனுக்கு ஒரு காது மந்தம். கத்திப் பேசுறதும் அவனுக்குப் பிடிக்காது. அதனால படகு மேல தட்டுவான். ஒரு தட்டுன்னா திருப்பு. ரெண்டு தட்டுன்னா எதிர்ப்பக்கம். உள்ளங்கையால பொத்துனு அடிச்சா நிறுத்து. கல்யாணமான புதுசுல அண்ணிக்காக அவனே உண்டாக்கின பாஷை அது. வீட்டுல எங்க அண்ணன் பேசுறதை ஒரு தீப்பெட்டிக்குள்ள அடக்கிடலாம். துண்டு எங்க, தண்ணி கொண்டா, அவ்வளவுதான். புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டாங்கன்னா அது இந்தத் தட்டுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பந்தயக்காரி வந்து சேர்ந்தா. அவ நிஜப் பேரு எங்களுக்கு எதுக்கு? நானும் அண்ணியும் வச்ச பேரு அதுதான். ஏரியில நடக்கிற படகுப் பந்தயத்துல ஆம்பளைங்களோட போட்டி போட்டு ஓட்டுற பொம்பளை. குட்டை முடி, கருத்த கண்ணாடி, நடையில ஒரு வேகம். வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்தது ஒரு பழைய பந்தயப் படகு. நீளமா, மூக்கு கூர்மையா, சிவப்புச் சாயம் வெயில்ல வெளுத்துப்போய் இருந்துச்சு. ஒரு காலத்துல யாரோ ஆசை ஆசையா செஞ்ச படகுன்னு பார்த்தாலே தெரியும்.

"மெக்கானிக், மெதுவா போனா ஒண்ணும் தெரியல. முழு வேகத்துல மூக்கு மேல எழும்பி, அடியில கொஞ்சம் மட்டும் தண்ணியில படும்போது வலது, இடதுன்னு ஆட ஆரம்பிக்குது. திருப்பி அடக்கலாம்னு பார்த்தா, என் திருப்பு இன்ஜினுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது அடுத்த பக்கம் ஆடிடுது. போன தடவை கவிழ்ந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை பந்தயம் இருக்கு."

அண்ணன் தலையாட்டினான். தையல் மிஷின் நின்னுடுச்சு.

"வர்றவங்க எல்லாம் அண்ணே, அண்ணேம்பாங்க. இவளுக்கு மட்டும் என்னடி மெக்கானிக்?" அண்ணி என் காதுகிட்ட வந்து கேட்டா. "அண்ணேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"வேணும்னா உன்னை அக்கான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?"

"அறிவு இருக்கா உனக்கு? நான் அக்கான்னா இவரு அத்தான் ஆயிடுவாரு. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

சிரிப்பை அடக்கிக்கிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. அண்ணன் இன்ஜின் அடியில படுத்தான். அண்ணி கையில இருந்த துணியை வச்சுட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு எழுந்திருச்சா. அதுக்குள்ள பந்தயக்காரி தாவி ஏறி சீட்டுல உட்கார்ந்துட்டா. அவ படகு, அவ சீட்டு, அவ உட்கார்ந்தா யாரு கேட்க முடியும்? அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு நிமிஷம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னான், "ஒரு தட்டு தட்டினா திருப்பணும். ரெண்டு தட்டினா எதிர்ப்பக்கம்..."

சொல்லிக் கொடுத்துட்டான் பாவி!

அண்ணி நின்ன இடத்துல நின்னா. முகம் செத்துப்போச்சு. எழுந்திருச்சவ திரும்ப உட்காரவும் முடியாம, போகவும் முடியாம, கையில இல்லாத துணியை மடிச்சுக்கிட்டு நின்னா. அங்க டொக்குன்னு ஒரு சத்தம், சக்கரம் திரும்புது. டொக் டொக்குன்னு ரெண்டு சத்தம், சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணியோட தோள் ஒரு தடவை குலுங்குச்சு. எனக்கே கஷ்டமா போச்சு. கிண்டல் பண்ண வாய் வரல.

அன்னைக்கு ஒண்ணும் அகப்படல. எல்லா இணைப்பும் கெட்டியாத்தான் இருக்குன்னு அண்ணன் சொன்னான். சந்தேகத்துக்கு ரெண்டு கேபிளையும் மாத்தினான். சக்கரத்துக்குக் கீழே இருந்த பல்சக்கரத்தைக் கழட்டித் துடைச்சு மாட்டினான். சாயங்காலம் படகை ஏரியில இறக்கி, ரெண்டு பேருமா ஓட்டிப் பார்க்கப் போனாங்க. முட்டிக்கு மேல தண்ணின்னா அண்ணிக்குப் பயம், அவ கரையிலதான் நின்னா. படகு தூரத்துல பறக்குது, மூக்கு எழும்புது, அப்புறம் மறுபடியும் அதே ஆட்டம். திரும்பி வரும்போது ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சு, தலை கலைஞ்சு, எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க. எங்க அண்ணன் சிரிச்சான்! பல்லு தெரிய!

"கவிழப் பார்த்துச்சு, தப்பிச்சோம்"ன்னான் அண்ணன்.

"தப்பிச்சது தெரியுது"ன்னா அண்ணி. முகவாயைத் தோள்பட்டையில இடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு நடந்தா.

வீட்டுல பாத்திரங்களுக்குத்தான் அடி. மூடியை வைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் தட்டு முன்னாடி உட்கார்ந்து, "என்னடி ஆச்சு?"ன்னு கேட்டான். "ஒண்ணும் ஆகல"ன்னா. "உடம்பு சரியில்லையா?"ன்னான். "எனக்கென்ன, நல்லா கல்லு மாதிரி இருக்கேன்"ன்னா. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எந்தக் காலத்துல புரிஞ்சிருக்கு? சரின்னு சொல்லிட்டு சாப்பிட்டு எழுந்துட்டான். பாத்திரம் கழுவுற இடத்துல என்கிட்ட மட்டும் சொன்னா, "தாலியைக் கேட்டா கூட கழட்டிக் கொடுத்திருப்பேன்டி. அந்தத் தட்டுற பாஷையை எப்படி ஊரான் வீட்டுப் பொம்பளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்?"

நான் ஈரத்துணியை வாங்கித் துடைக்க ஆரம்பிச்சேன்.

மறுநாள் மறுபடியும் அதே கதை. அண்ணன் அடியில, பந்தயக்காரி சீட்டுல. டொக், டொக். ஒண்ணும் சிக்கல. வெள்ளிக்கிழமை வேற ஆயிடுச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகலன்னா பந்தயம் போச்சு. கோளாறு எங்கன்னு தெரியாம ஓட்டினா ஆளே போயிடும். அண்ணன் முகம் சிறுத்துப்போய், "இல்லாத ஆட்டத்தை எங்கன்னு தேடறது?"ன்னு முணுமுணுத்தான்.

அப்பதான் அண்ணி எழுந்திருச்சா. கழுத்துல அளவெடுக்கிற நாடா, காதுல பென்சில். நேரா படகுகிட்ட போனா.

"கொஞ்சம் இறங்குறீங்களா? சீட்டு உறை கிழிஞ்சிருக்கு. அளவெடுக்கணும்."

பந்தயக்காரி நல்லவதான் பாவம், உடனே இறங்கிட்டா. அண்ணி ஏணியைப் பிடிச்சு ஏறி, சீட்டுல உட்கார்ந்தா. உட்கார்ந்தவ எழுந்திருக்கல. நாடா கழுத்துல தொங்குது. அளவாவது ஒண்ணாவது! சக்கரத்துல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, நேரா எதிர்ல இருக்கிற தகரச் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தா. கண்ணு ரெண்டும் குளமா இருந்துச்சு.

அடியில இருந்தவனுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு தட்டு தட்டினான். அண்ணி திருப்பினா. ரெண்டு தட்டு தட்டினான். கோபம் எங்க போகும்? வேண்டா வெறுப்பா ஒரு திருப்பு திருப்பிட்டு, சக்கரத்துல இருந்து கையைச் சட்டுன்னு எடுத்துட்டா. மறுபடியும் ஒரு தட்டு. மறுபடியும் அதே மாதிரி.

தட்டு நின்னுடுச்சு.

"ஏய்..." அடியில இருந்து அண்ணனோட குரல். "நீயா உட்கார்ந்திருக்க?"

அண்ணி புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"நீதான். எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அதே மாதிரி திருப்பிட்டு விடு. அப்படியே விடு. ஆங்... புடிச்சுட்டேன்! இன்ஜின் திரும்புற அச்சுல இருக்கு. அச்சைச் சுத்தி இருக்கிற வளையம், அந்த புஷ், தேஞ்சு போச்சு!"

கேபிள்லயும் இல்ல, சக்கரத்துலயும் இல்ல. இன்ஜினே எந்த அச்சு மேல நின்னு திரும்புதோ, அங்க ஓட்டை அகலமாகிக் கிடந்துச்சு. பந்தயக்காரி தலையில அடிச்சுக்கிட்டா. "என் கை! ஓட்டி ஓட்டி எனக்குச் சக்கரத்தைத் தளர்வா பிடிக்கவே வராது. எப்பவும் ஒரு பக்கமா அழுத்தி இழுத்துப் பிடிச்சிருப்பேன். ஆட்டமெல்லாம் என் கையிலயே அடங்கிடும். ரெண்டு நாளா நானே மறைச்சு வச்சிருக்கேன், மெக்கானிக்!"

அண்ணன் வெளிய வந்தான். மூஞ்சி பூரா கிரீஸ். பந்தயக்காரியைப் பார்க்கல. மேல உட்கார்ந்திருந்தவளை அண்ணாந்து பார்த்து, "நேத்தே ஏறியிருக்கக் கூடாதா?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "யாரு கூப்பிட்டா?"ன்னா. ஆனா கன்னம் சிவந்துபோச்சு. கால் மணி நேரத்துல மிஷின் சத்தம் கேட்டுச்சு. அதுவும் எப்படி, ஓட்டமா ஓடுது. கிழிஞ்ச சீட்டுக்கு நிஜமாவே உறை தைச்சா.

புது புஷ் என் அலமாரியிலதான் இருந்துச்சு, அதைச் சொல்லிடறேன். சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கி, பழசைத் தட்டி எடுத்து, புதுசை அடிச்சு இறக்க சனிக்கிழமை மத்தியானம் ஆச்சு. மிச்சம் இருந்தது கடைசி நட்டு ஒண்ணுதான். அதை அளவா இறுக்கணும். கூடினா ஸ்டியரிங் கனக்கும், குறைஞ்சா ஆடும். அதுக்கும் ஒருத்தர் திருப்பிக்கிட்டே இருக்கணும். அண்ணி நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தா. பந்தயக்காரி கை ஆகாது.

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ ஏறு."

இத்தனை வருஷத்துல முதல் தடவை. கையைத் துடைச்சுக்கிட்டு ஏறினேன். பொய் சொல்லுவானேன், எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. புது உறையோட வாசம். சக்கரம் வெயில்ல சூடா இருந்துச்சு. கீழே இருந்து ஒரு தட்டு. அது என் முதுகுல வந்து தொட்டுச்சு. கேட்கிற சத்தம்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன், உட்கார்ந்தாதான் தெரியுது அது உடம்புல வந்து படுதுன்னு. திருப்பினேன். ரெண்டு தட்டு. எதிர்ப்பக்கம் திருப்பினேன். எவ்வளவு பதமா திருப்ப முடியுமோ அவ்வளவு பதமா.

உள்ளங்கையால பொத்துனு அடிச்சான். நிறுத்திட்டேன்.

"இல்ல, இறங்கு. அவ வரட்டும்."

"ஏன், நான் தப்பா திருப்பினேனா?"

"தப்பெல்லாம் இல்ல. உன் கை எனக்குப் பழக்கமில்ல."

கூடப் பிறந்தவ கை பழக்கமில்லையாம்! ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ கை! அவன் குத்தமா சொல்லல, இருக்கிறதைத்தான் சொன்னான். நான் இறங்கினேன்.

அண்ணி வர்ற வரைக்கும் வேலை நின்னுச்சு. அண்ணன் ஸ்பேனரைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தான். வந்தா. பையை மிஷின் மேல போட்டுட்டு, ஒரு வார்த்தை கேட்காம ஏறி உட்கார்ந்தா. டொக்குன்னு ஒரு சத்தம். கொஞ்சம் கழிச்சு ரெண்டு சத்தம். நட்டு சரியான இடத்துல போய் உட்கார்ந்துச்சு. மறுநாள் அந்தப் படகு ஏரியில கோடு கிழிச்ச மாதிரி போச்சு, பந்தயக்காரி ரெண்டாவதா வந்தா, அதெல்லாம் வேற கதை.

ரெண்டு நாளா அண்ணியைப் பார்த்து உள்ளுக்குள்ள எத்தனை சிரிச்சிருப்பேன். அன்னைக்கு அலமாரிக்கு முன்னாடி நின்னு, அடுக்கி வச்ச டப்பாவையே திரும்பத் திரும்ப அடுக்கினேன். வயிறு எரிஞ்சுது. அவங்க நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனா கண்ணால பார்க்காம, ஒரு திருப்புலயே "நீயா?"ன்னு கேட்க எனக்கு யாரு இருக்கா?