அவள் ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். பதினாறு வருடமாக அதையே செய்கிறேன். அதனால் வீட்டில் எது கெட்டாலும் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பால் என் மனைவி ஏழு மாதம் பஸ்ஸில் போய் வந்தாள்.

எங்கள் கார் பழையது. திருச்சியிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிய வருடம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவேன். கார் வாரம் முழுக்க பார்க்கிங்கில் தூசி தின்று நிற்கும். ஆவடியில் ஒரு பள்ளியில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும், சும்மா நிற்கிற காரை நான் ஓட்டிப் போகிறேனே என்றாள். முப்பத்தெட்டு வயதில் எல் போர்டு மாட்டிக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் பேச்சே வராது, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது மாதம், தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் பாட்டு கேட்டுக்கொண்டே வரத் தொடங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதுவும் அவள் பள்ளி விட்டு வரும் மூன்றரை மணி வெயிலில்தான். பருத்திப்பட்டு தாண்டியதும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காதாம். இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிடுமாம். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் திட்டிவிட்டுப் போன பிறகு, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புமாம். நான்கைந்து முறை இப்படி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே ஆவடிவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். கார் தங்கமாக ஓடியது. நான் செய்து பார்த்தபோது கோளாறு வரவில்லை என்றால் கோளாறு இல்லை, பயன்படுத்துகிறவரின் தவறு என்பது எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம். அப்படியே தீர்ப்புச் சொன்னேன். கிளட்ச்சில் கால் வைத்தே ஓட்டுகிறாள், அதனால்தான் நிற்கிறது. இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அவளோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவள் தம்பி ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான், குவார்ட்டர்ஸில் வீடு. அங்கே ஒரு நாள் மதியச் சாப்பாட்டில், கார் எப்படி ஓடுகிறது என்று அவன் கேட்டான்.

"உங்க அக்கா கிளட்ச்சுல இருந்து காலையே எடுக்கிறதில்ல. வண்டி பாவம், எத்தனை நாள்தான் தாங்கும்?" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் மனைவி சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். என் மனைவி எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், சிந்தாமல் ஊற்றினாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது கார் சாவி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது, அவள் கிளம்பிப் போயிருந்தாள். பூந்தமல்லிவரை ஒரு பஸ், அங்கிருந்து ஆவடிக்கு இன்னொன்று. கோபம் இரண்டு நாளில் தணியும் என்று நினைத்தேன். தீபாவளி வந்தது, பொங்கல் போனது, சாவி கொக்கியிலேயே இருந்தது. நானும் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் எனக்கே எனக்கு என்று ஆனது உள்ளுக்குள் சௌகரியமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் நண்பர் நூம்பலில் வாங்கியிருந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு மணி, மண்டை பிளக்கும் வெயில். தெருமுனையில் கார் இரண்டு குலுக்கு குலுக்கியது. நின்றது. பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. அப்போது என் கால் கிளட்ச்சில் இல்லை. சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இருவர் வந்து, பக்கத்திலேயே இருந்த மெக்கானிக் ஷெட்டுவரை தள்ளிக் கொடுத்தார்கள். மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். நான் பானட்டைத் திறக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து சீட்டில் காதை வைத்துக் கேட்டார். மறுபடி திருப்பச் சொன்னார். எந்தச் சத்தமும் இல்லை. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் 'உய்ங்' என்று இரண்டு நொடி சத்தம் வர வேண்டுமாம். டேங்குக்குள் இருக்கும் சின்ன மோட்டார் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் சத்தம் அது. ஆறு வருடமாக இந்தக் காரை வைத்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அதற்காக மோட்டார்தான் என்று அவர் உடனே முடிவு கட்டவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலே என்கிற சின்ன சுவிட்ச் பெட்டியை மாற்றிப் போட்டுப் பார்த்தார், அப்போதும் சத்தம் இல்லை. பின்சீட்டைத் தூக்கி, டேங்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் வைத்தார், எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. கடைசியாக ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, காருக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியால் டேங்கைத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். ஈனஸ்வரத்தில் ஒரு முனகல் கேட்டது, இன்ஜின் கிளம்பி அரை நிமிடத்தில் அணைந்தது. மோட்டார்தான் என்று அப்போதுதான் சொன்னார். ஒரே ஒரு காலைச் சவாரியில் நான் சொன்ன தீர்ப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

இதற்கு முன்னால் எப்போதெல்லாம் நின்றது என்று கேட்டார். மதிய நேரத்தில், என் மனைவி ஓட்டும்போது என்றேன். பழக்க தோஷம், அந்த இரண்டாவது பாதியை அழுத்திச் சொன்னேன்.

"ஆம்பள ஓட்றானா பொம்பள ஓட்றாளான்னு வண்டிக்கு இன்னா சார் தெரியும்? வெயில் தெரியும். டேங்க்ல பெட்ரோல் இல்லாதது தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எரிந்த ஆரஞ்சு விளக்கைக் காட்டினார். "இது எப்பவுமே இப்டிதான் எரிஞ்சுகினு கீதா?"

எப்போதுமே அப்படித்தான் எரியும். பெட்ரோல் போடுவது என் இலாகா; வாரக்கடைசியில் நான்தான் கொஞ்சமாகப் போடுவேன். கோடையில் டேங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் ஒரு ஃபார்வர்ட் வரும். படித்தவன், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன், அதை நான் நம்பினேன். கோடை போன பிறகும் விடவில்லை. டேங்க் காலியாக இருந்தால் வண்டி லேசாக ஓடும் என்று ஒரு சொந்தக் கண்டுபிடிப்பும் இருந்தது. இதையெல்லாம் கொஞ்சம் கௌரவமாகவே அவரிடம் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அந்த மோட்டார் பெட்ரோலில் முழுகித்தான் இருக்க வேண்டுமாம், பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்குமாம். பெட்ரோல் அடியில் போய்விட்டால் தன் சூட்டிலேயே தான் வேகும். அதோடு மதிய வெயிலும் சேர்ந்தால் நின்றுவிடும், ஆறியதும் ஓடும். நான் ஓட்டிப் பார்த்தது காலை ஆறு மணிக்கு. அவள் திரும்பி வந்தது மூன்றரை மணிக்கு.

பூந்தமல்லிக் கடையிலிருந்து புது மோட்டார் வர ஒரு மணி நேரம் ஆனது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பொறி பறக்கக் கூடாது என்று மரக்கட்டையை வைத்துத் தட்டியே டேங்கின் மூடி வளையத்தைத் திருகி எடுத்தார். வெளியே வந்த மோட்டாரின் அடியில் இருந்த வலை கருப்பேறியிருந்தது. புதியதை இறக்கி, புது ரப்பர் வளையம் போட்டு மூடினார். சாவியைத் திருப்பினேன். உய்ங் என்றது. பழையதை நியூஸ்பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

வழியெல்லாம் ஒரு யோசனை ஓடியது. பழைய வண்டி, மோட்டார் போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும். அதில் பொய் ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்த கதை மெக்கானிக்குக்கும் எனக்கும்தான் தெரியும்.

வீட்டில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புப் பேனாவைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்து, ஃபார்வர்ட் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் மோட்டாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் தம்பி வீட்டுல வச்சு சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மடியில் மோட்டார். முதல் வேலையாக பங்க்கில் நிறுத்தி, ஃபுல் டேங்க் என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

தம்பி வீட்டில் அதே மேஜை, அதே நான்கு பேர். வண்டியைக் கெடுத்தது நான், அக்காவின் கால் இல்லை என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். ஃபார்வர்ட் பகுதியில் அவன் சிரிக்க ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நானும்தானேக்கா அன்னைக்கு சிரிச்சேன்" என்றான்.

சாப்பாடு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று மட்டும் அவள் சொன்னாள்.

திரும்பும்போது கரையான்சாவடி சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆரஞ்சு விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை.

"இது நான் பண்ணது. கிளட்ச்சை சட்டுனு விட்டுட்டேன்" என்றாள், சாதாரணமாக.

சாவியைத் திருப்பினாள். பின்சீட்டுக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை எழுந்து கொக்கியைப் பார்த்தேன். சாவி இல்லை.