முதல் சொம்பு

இன்று தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழின் புளித்த வாசனை, உத்திரமேரூர்ப் பக்கத்தில் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த, இப்போது மனை போட்டு விற்கப்பட்டுவிட்ட எங்கள் வாடகை வீட்டின் நினைவைக் கிளறிவிட்டது. அப்பா சேலத்திலிருந்து மில் இன்ஜின் ஓட்ட வந்தவர். நான் பிறந்தது அந்த வாடகை வீட்டில்தான்.

ஆடியில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, குடத்தில் சுமந்துபோய் அம்மன் கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். அம்மாவும் சுமப்பாள். வருடா வருடம் கோயில் பெரியவர் தடுப்பார்.

"உங்களுக்கு இன்னாத்துக்குமா செரமம்? வெளியூர்லேர்ந்து வந்துகீறீங்க, கொடத்த எத்துக்கினு போங்க. டேய், இவங்களுக்கு மொதல்ல ஊத்து."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மரியாதையை என்ன செய்வது? என் வகுப்புப் பெண்கள், தங்கள் வீட்டுக் கூழும் கலந்த அண்டாவைச் சுற்றி நின்று பார்க்க, பிறந்த ஊரிலேயே விருந்தாளியாக நான் முதல் சொம்பை வாங்குவேன். எங்கள் குடத்தை அம்மா மில் மாடுகளுக்குக் கவிழ்ப்பாள். ஆடி பிறந்தாலே எனக்கு வயிறு வலிக்கும். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சியாம்.

இன்று வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். கூழ்க்காரர் என் நரையைப் பார்த்து, "நீங்க மொதல்ல வாங்கிக்கங்கமா" என்றார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே வந்துவிட்டேன்.