டேப்பக்கா பிரித்துக் கொடுத்த குளிர்

எங்கள் பக்கத்தில் அவரை டேப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். முன்பு துணி தைத்தவர். ஏசி வேலை செய்யும் கணவருக்குத் துணையாகப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார். "மிஷினை மாட்டுறது நான். எதை மாட்டணும்னு சொல்றது அவ" என்று கணவரே பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வீட்டு சென்ட்ரல் ஏசி ஒரு கோடையில் உயிரை விட்டது. அது ஓடிய காலத்திலும் தினமும் மல்லுக்கட்டுதான். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து எனக்குச் சரியாக வேர்ப்பதில்லை. கொஞ்சம் சூடேறினாலே தலை கிறுகிறுக்கும். அம்மாவுக்கோ நேர்மாறு. குளிர் பட்டால் விரல் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். வீடு முழுவதற்கும் ஒரே தெர்மோஸ்டாட். நான் குறைத்தால் அம்மா போர்த்திக்கொள்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டிவிட்டு, ஈரத்துண்டோடு கிடப்பேன்.

விலை சொல்ல வந்தவர்கள் பழைய மிஷினில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "அஞ்சு டன்னா? ஆறு போட்டா ஜம்முனு இருக்கும்" என்றார்கள். டேப்பக்கா ஜன்னல்களை அளந்தார். வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று கேட்டார். சீலிங்குக்கு மேலே ஏறி, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார். பிறகு என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, எந்த அளவு குளிர் இருந்தா உங்களுக்கு நிம்மதி?"

சொன்னேன். அம்மாவிடமும் கேட்டார்.

"எனக்கென்னம்மா, அவன் நல்லா இருந்தா போதும்."

"அவர் அளவை எடுத்தாச்சும்மா. இப்ப உங்க அளவைச் சொல்லுங்க."

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மூன்றரை டன் போதும், தேவைக்கேற்ப வேகம் மாறும் மிஷினாக இருக்கட்டும் என்றார் டேப்பக்கா. காற்றுக் குழாய்களுக்குள் திறந்து மூடும் தகடுகள் வைத்து வீட்டை இரண்டாகப் பிரிப்பது, ஆளுக்கொரு தெர்மோஸ்டாட் வைப்பது என்பது அவர் திட்டம்.

அப்பா நம்பவில்லை. "யானைப் பசிக்குச் சோளப்பொரியா?"

"ஐயா, பெரிய மிஷின் சட்டுனு குளிர வச்சிட்டு நின்னுடும். காத்துல இருக்கிற ஈரம் போகாது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். சீலிங்குக்கு மேல உங்க குழாய் இணைப்பு விட்டுக் கிடக்கு, பாதிக் குளிர் அங்கேயே போயிடுது. இத்தனை நாளா சுகமா இருந்தது பல்லிங்கதான்!"

அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சம்மதித்துவிட்டார்.

மாட்டி முடித்த மறுநாள் மதியம், கதவைச் சாத்தினால் என் அறையில் காற்று விசிலடித்தது, குளிரவும் இல்லை. கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள், எப்படி ஓடுகிறது என்று பார்க்க டேப்பக்காவே வந்துவிட்டார். கதவடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"உள்ள வர்ற காத்து திரும்பிப் போக வழியில்ல. கதவைத் திறந்து வச்சே சோதிச்சுட்டேன். தப்பு என்னுதுதான் தம்பி."

அன்றே கணவரை வரவழைத்தார். கதவுக்கு மேலே சுவரை அறுத்து, காற்று வெளியேறக் கம்பிச்சட்டம் பொருத்தினார்கள். இந்த ஓர் அறைக்கு மட்டும் அத்தனை காற்றையும் திணித்தால் குழாய் தாங்காது என்று, வெளியே இருந்த கூடத்தையும் என் பக்கத்தோடு சேர்த்தார். விசில் நின்றது. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. நான் கேட்ட குளிர் வரும்வரை தெர்மாமீட்டரும் கையுமாக என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"போய்ட்டு வாயேன்மா, களைச்சுப் போயிருப்பே" என்றார் அம்மா.

"தச்சதைப் போட்டுப் பார்க்க வைக்காம எப்படிம்மா கொடுத்துட்டுப் போறது?"

அம்மாவின் விரல்கள் இப்போது சொன்னபடி கேட்கின்றன. மாலைகளில் நாங்கள் கேரம் ஆடுகிறோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார். ஃபில்டர் பார்க்க வரும்போது டேப்பக்காவும் ஓர் ஆட்டம் உட்காருவார். அளப்பதில் புலியானாலும், அடிப்பதெல்லாம் குழிக்கு அரை சாண் தள்ளித்தான் போகும்.